கொழும்புக்குப் போனால்தான் பயிற்சியா?

மூன்றாம் வருடம் முடிகிற பிள்ளைக்கு இப்போது எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொல்கிறார்கள். "எப்படியாவது கொழும்பில் ஒரு டேட்டா அனலிட்டிக்ஸ் கம்பனிக்குள் நுழைந்துவிடு. ஆறு மாதம் இன்டர்னாக இரு. காசு தராவிட்டாலும் பரவாயில்லை, அனுபவம்தான் முக்கியம்." வீட்டில் அப்பா இதைச் சொல்கிறார். கம்பஸில் சீனியர் அண்ணா சொல்கிறார். தொழில் வழிகாட்டல் கருத்தரங்குக்கு வந்த பேச்சாளரும் இதையே சிலைடு போட்டுச் சொல்லிவிட்டு, கல்லடிப் பாலத்தைக்கூடப் பார்க்காமல் இரவு ரயிலைப் பிடித்துவிடுகிறார். இந்த அறிவுரைக்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது: தரவைப் படிக்கும் தொழில் கொழும்பில் இருக்கிறது, மட்டக்களப்பில் இருப்பது பயிற்சியில்லாத பிள்ளைகள் மட்டும்தான் என்பது. அந்த எண்ணம் பிழை.

கம்பனிகளைத் திட்டுவது என் நோக்கமில்லை. நல்லதொரு ஆலோசனை நிறுவனத்தில் இருந்துவிட்டு வரும் பிள்ளை சில விஷயங்களை உறுதியாகக் கற்றுக்கொண்டு வருகிறது. எழுதும் நிரலை இன்னொருவர் வாசித்து விளங்கும்படி எழுத வேண்டும், நேற்றைய பிரதியை அழிக்காமல் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான், "உன்னுடைய வரைபடம் ஒன்றுமே சொல்லவில்லை" என்று கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொன்னால் அழக்கூடாது. இவை எல்லாம் தேவைதான். இதுதான் பயிற்சி, இது மட்டும்தான் பயிற்சி, இதுதான் முதலில் வர வேண்டும் என்கிற மூன்றையும்தான் நான் ஏற்கவில்லை.

பயிற்சி முடித்து வரும் மாணவர்களின் அறிக்கைகளை வாசிக்கிற வேலை எனக்கு உண்டு. அட்டையையும் நன்றியுரையையும் கழித்துவிட்டால் பெரும்பாலானவை ஒரே அறிக்கைதான். "முன்னணிச் சில்லறை வியாபார நிறுவனம் ஒன்றுக்காக" வாடிக்கையாளர் விலகலை ஆராய்ந்தேன், பைதன் பயன்படுத்தினேன், பவர் பி.ஐ.யில் டாஷ்போர்டு செய்தேன் என்று இருக்கும். எந்த நிறுவனம், எந்தத் தரவு, என்ன கண்டுபிடித்தாய், அதைக் கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. இரகசியக் காப்பு ஒப்பந்தம். செய்த வேலையைக் காட்டக் கூடாது, காட்டாத வேலையைத் திருத்த முடியாது. மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் வரவுப் புத்தகத்தையும் கையொப்பத்தையும் பார்த்துப் புள்ளி போடுகிறார். நாலு பேர் நாலு கேள்வி கேட்டுக் குடைந்துவிடாத ஒரு ஆய்வை எந்தத் துறையிலும் ஆய்வு என்று சொல்வதில்லை. இங்கே மட்டும் அதற்குப் பெயர் 'இன்டஸ்ட்ரி எக்ஸ்போஷர்'.

கேட்டுக் குடைந்தால் இன்னொன்றும் வெளிவரும். ஆறு மாதத்தில் பெரும்பகுதி, யாரோ அனுப்பிய எக்செல் கோப்பில் இரட்டித்த வரிகளை அழிப்பதிலும், சிலைடில் எழுத்துக்களை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதிலும் போயிருக்கும். வாடிக்கையாளரோடு நடந்த கூட்டத்தில் குறிப்பெடுத்தது ஒரு சாதனையாக எழுதப்பட்டிருக்கும். அந்தத் தரவு எந்தக் கடையில், யார் கையால், எந்த அவசரத்தில் பதியப்பட்டது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தத் துப்புரவு வேலையை இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்தால் நிமிடக் கணக்கில் செய்துவிடுகிறது. ஆக, எந்தப் பகுதி மலிந்துகொண்டு போகிறதோ அந்தப் பகுதியைக் கற்பதற்குத்தான் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பிள்ளையை அனுப்புகிறோம்.

அனுப்புவது என்றால் சும்மாவா? வெள்ளவத்தையில் ஓர் அறையைப் பங்குக்கு எடுத்தாலும் முற்பணம் கேட்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், லெப்டொப், அலுவலகத்துக்குப் போட உடுப்பு எல்லாம் இருக்கிறது. கொடுப்பனவு தரும் கம்பனியிலும் அது அறையோடு தீர்ந்துவிடும். தராத கம்பனி என்றால் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். நுண்கடன் இந்தக் கரையோரப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்த ஊரில், 'காசு முக்கியமில்லை' என்று மேடையில் சொல்கிறவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டும். போக முடிந்தவர் போகிறார், முடியாதவருக்குத் தகுதி இல்லை என்று பெயர். வேப்பவெட்டுவானிலிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ வரும் பெண்பிள்ளை ஒன்று எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், தனியாக ஆறு மாதம் கொழும்பில் விட வீட்டார் இணங்காவிட்டால் அவளும் அந்தப் பட்டியலில்தான். இதைத் திறமைத் தேர்வு என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தரவு எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஏதாவது ஒரு மீனவர் சங்கத்தில் கணக்குக் கொப்பி ஒன்று இருந்தால் அதை எடுத்துக்கொள்வோம். திகதி, தோணி இலக்கம், இறால், நண்டு, மணலை, எத்தனை கிலோ, என்ன விலை. அவ்வளவுதான். இதை அப்படியே எக்செலில் ஏற்றிக் கொழும்பில் இருக்கும் இன்டர்னுக்கு அனுப்பினால் அவர் முதலில் பார்ப்பது வெறும் கட்டங்களைத்தான். கட்டம் காலியாக இருந்தால் சராசரியால் நிரப்பு என்று பாடத்தில் சொல்லியிருக்கிறது, அதற்கு ஒரு வரி நிரல் போதும். ஆனால் கத்தோலிக்கக் கிராமத்துக் கொப்பியில் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருப்பது பதிய மறந்ததால் அல்ல, அன்று பூசை. முஸ்லிம் மீனவர்களின் கொப்பியில் வெள்ளிக்கிழமை மெலிந்திருப்பது ஜும்ஆவால். அமிர்தகழி மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்றால் ஊரே அங்கேதான் நிற்கும். நிரலுக்கு இது தெரியாது. யாருமே தோணி இறக்காத நாளில் கணினி இறால் பிடித்துவிடும்.

இது சின்ன விஷயம். பெரியது முகத்துவாரம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கடலோடு அது பேசுவது பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் உள்ள வாய்களால்தான், அவையும் வருடத்தின் பெரும்பகுதி மணல் மூடிக் கிடக்கும். மாரி மழை இறங்கி வாவி பொங்கும்போது அதன் மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் தாழத் தொடங்கும். விவசாயிகள் முகத்துவாரத்தை வெட்டு என்பார்கள், மீனவர்களில் பலர் பொறு என்பார்கள். கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டிவரும். வெட்டிய பிறகு நன்னீர் கடலுக்கு ஓடும், உப்புநீர் உள்ளே வரும், வாவியின் உவர்ப்பு மாறும், இறாலும் மீனும் நடமாடுகிற இடம் மாறும். எந்த நாள் வெட்டினார்கள் என்பது கொப்பியில் இராது. வரைபடத்தில் மட்டும் ஒரு துள்ளல் தெரியும். அந்த வருடம்தான் ஒரு தொண்டு நிறுவனம் வலை கொடுத்திருந்தால் கதை முடிந்தது. 'திட்டத்தின் பயனாக உற்பத்தி உயர்ந்துள்ளது' என்று அறிக்கை போய்விடும், அடுத்த வருடமும் வலை வரும்.

விலை என்ற பத்தியைப் பாருங்கள். அதிலாவது தகராறு இல்லை என்று நினைப்போம். ஆனால் தோணிக்கும் வலைக்கும் முற்பணம் வாங்கிய மீனவர், பிடித்ததை அந்த முதலாளிக்கே கொடுக்க வேண்டும். சந்தையில் போகிற விலைக்கும் அவர் கையில் வாங்கும் விலைக்கும் இடையில் ஒரு துண்டு விழும். கொப்பியில் பதிவது இரண்டாவது. அதாவது, விலை என்ற பெயரில் பாதி கடன் தவணை. இதை அறியாதவர் 'இப்பகுதியில் நண்டின் சந்தை விலை குறைவு' என்று முடிவு கட்டினால், கணக்கு சரியாக இருக்கும், முடிவு பொய்யாக இருக்கும். துறையில் கொப்பி எழுதுகிறவரோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்த பிள்ளைக்கு இந்த மூன்றும் பிடிபட்டுவிடும். எந்தக் கம்பனியில் எத்தனை மாதம் இருந்தாலும் இது அங்கே கிடைக்காது.

வயலுக்கும் இதே கதைதான். மூடை என்றால் எத்தனை கிலோ என்பதில் வயலுக்கும் ஆலைக்கும் எப்போதும் வழக்கு. விளைச்சலை மதிப்பிட வயலில் ஒரு துண்டை அளந்து அறுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும், ஓரத்தில் நிற்கும் கதிரையும் சேர்த்து அறுத்துவிடுகிற மனிதக் கைதான் அதற்குக் காரணம். கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸின் ஆட்கள் வங்காள வயல்களில் இறங்கித்தான் இதைக் கண்டுகொண்டார்கள். உலகத்துக்கே மாதிரி ஆய்வு சொல்லிக்கொடுத்த நிறுவனம் அது. சேறு ஒட்டாமல் அந்தப் பெயர் வரவில்லை.

நாங்கள் வாழும் மாவட்டத்தின் தரவு வரலாறே தனி. 1981க்குப் பிறகு மட்டக்களப்பில் அடுத்த முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான். 2001 கணக்கெடுப்பை யுத்தம் இங்கே முழுமையாக நடக்க விடவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒரு நேர்கோடு இழுத்து 'ஆண்டுச் சராசரி வளர்ச்சி' சொல்வது கணினிக்கு ஒரு நொடி வேலை. அந்தக் கோடு 1990 இடப்பெயர்வுக்கு மேலாகவும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு மேலாகவும், 2007இல் படுவான்கரை முழுவதும் அகதி முகாமாகி நகர்ந்த மாதங்களுக்கு மேலாகவும் ஒரு சலனமும் இல்லாமல் போகும். வயது கேட்டால் "சூறாவளிக்கு முந்தின வருஷம் பிறந்தவன்" என்று 1978ஐ அடையாளம் வைத்துச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வயது என்ற பத்தியில் ஏன் சில எண்களில் கூட்டம் குவிகிறது என்பதற்குப் பாடப்புத்தகம் பொதுவான விடை தரும். எங்கள் பத்திக்கான விடை அந்த ஆட்களிடம் இருக்கிறது.

இதற்கு 2023இல் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. 22 குறிகாட்டிகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கூட்டினால் குடும்பம் ஏழையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு. காகிதத்தில் அழகானது, எந்த ஆலோசனை நிறுவனமும் பெருமையோடு காட்டக்கூடியது. பட்டியல் வெளியானதும் நாடு முழுவதும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் சனம் திரண்டது, மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. குறிகாட்டி முறையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கிராம சேவகருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கிடைத்த பழைய பட்டியல்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு கேள்வித்தாள் வாவிக்கரையைத் தாண்டும்போது என்ன ஆகிறது என்று கவனியுங்கள். இங்கே கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். வீடும் வளவும் மகளுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்பக்கத்தில் ஓர் அறையில் ஒதுங்கியிருப்பார்கள். வீடு யாருடையது, குடும்பம் ஒன்றா இரண்டா, தலைவர் யார்? படிவத்தில் மூன்று கட்டம். இந்த வீட்டில் மூன்றுக்கும் ஒரே விடை இல்லை. அந்த இடத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் பிறகு 'தரவு'. அதை வைத்து எவ்வளவு நுட்பமான மாதிரியைக் கட்டினாலும், அந்த அறைக்குள் யாரும் நுழைந்ததில்லை.

1854இல் லண்டன் சோஹோவில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் மரணங்களை வீடுவீடாக விசாரித்து, புரோட் ஸ்ட்ரீட் நீர்ப்பம்பைக் குற்றவாளியாக நிறுத்தினார். தரவு அறிவியல் வகுப்புகளில் அவருடைய வரைபடத்தைக் காட்டாத ஆசிரியர் இல்லை. அதே தெருக்களில் சேவை செய்த ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரின் பெயரைக் கேட்டால் தெரியாது. ஸ்னோ சொன்னது பிழை என்று காட்டத்தான் வைட்ஹெட் புறப்பட்டார். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர் என்பதால் திரும்பத் திரும்பப் போய்க் கேட்க முடிந்தது. கடைசியில், பம்புக்குப் பக்கத்து வீடான 40ஆம் இலக்கத்தில் நோயுற்ற குழந்தையின் துணியைக் கழுவிய நீர் கிணற்றுக்கு அருகிலிருந்த கழிவுக் குழிக்குள் போனதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஸ்னோவின் கருத்துக்கு வலுவான ஆதாரம் தந்தது அந்த உள்ளூர்க்காரர். எங்கள் பிள்ளைகள் இயல்பாகவே வைட்ஹெட்டின் இடத்தில் நிற்கிறார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு ஓடி வா என்பதுதான் நாங்கள் கொடுக்கும் அறிவுரை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டு வலுவானவை. முதலாவது: உள்ளூர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் பிள்ளை போட்டோக்கொப்பி எடுத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வரும், சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? உண்மைதான். அதிகாரி ஒருவருக்குக் கீழே இன்னொரு கையாளாகப் பிள்ளையை ஒப்படைத்தால் அதுதான் நடக்கும். ஆனால் இது ஏற்பாட்டின் குறை. கேள்வியோடு அனுப்ப வேண்டும். முகத்துவாரம் வெட்டிய திகதிகளையும் இறால் கொப்பியையும் சேர்த்துப் பார், அல்லது ஒரு பிரதேச செயலகத்தின் மேன்முறையீடுகள் எந்தக் குறிகாட்டியில் அதிகம் விழுகின்றன என்று பார், என்று ஒரு கேள்வி. தரவு தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, விண்ணப்பம் எழுதப் பழகுவதும் பயிற்சிதான். ஆட்களின் பெயர் விவரம் வெளியே போகாமல் காப்பது எப்படி என்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நிரலைத் திருத்தவும் வரைபடத்தைக் கிழிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றால், டொரொண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இந்தத் தொழிலில் பல வருடம் இருக்கும் எங்கள் ஆட்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் திரையில் வந்து உட்காரலாம். இரகசிய ஒப்பந்தம் இல்லாததால் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குறை சொல்லலாம்.

இரண்டாவது வாதம் இன்னும் நேரானது: வேலை தருகிறவர் கம்பனிப் பெயரைத்தான் பார்க்கிறார், மீனவர் சங்கத்தின் பெயரை எழுதினால் சிரிப்பார். சிலர் சிரிப்பார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நேர்முகத்தில் ஒரு பிள்ளை வாடிக்கையாளர் விலகலைப் பற்றிச் சொல்கிறது, அதைப் போன்ற கதையை அன்று காலையிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். இன்னொரு பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் ஏன் காலி, அவற்றை நிரப்பியிருந்தால் முடிவு எப்படித் தலைகீழாகியிருக்கும் என்று தன் கணக்கைத் திறந்து காட்டுகிறது. தொழில் தெரிந்தவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொழில் தெரியாமல் பெயரை மட்டும் பார்ப்பவரிடம் வேலைக்குப் போவதும் பெரிய பாக்கியமில்லை.

பிள்ளைகளை ஊருக்குள் பூட்டி வைக்கப் பார்க்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் வரும். இல்லை. முதலில் இங்கே ஒரு பருவம், பிறகு கொழும்பு. அந்த வரிசையில் போனால், கொழும்பு மேசையில் ஒரு கோப்பு வந்து விழும்போது 'இதை யார் எழுதினது, எந்த நாளில்?' என்று கேட்கத் தெரிந்த ஆளாகப் போவார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே இரவில் தடை போட்ட அறையில் அப்படிக் கேட்கிற ஆட்கள் போதாமல்தான், அதே வருடம் நவம்பரில் அரசு பின்வாங்கிய பிறகும் பெரும்போக வயல்கள் அந்தத் தடைக்கு விலை கொடுத்தன.

மாவட்டத்தைத் தன் கையால் எழுதி வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லாததும் அல்ல. எஸ். ஓ. கனகரத்தினம் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல் 1921இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதை இன்றும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 முதல் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணிதமும் கணினியும் படித்த பிள்ளைகள் வருடாவருடம் வெளியே வருகிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: மீனவர் சங்கத்திலோ, பிரதேச சபையிலோ, கமநல சேவை நிலையத்திலோ செய்த வேலையையும் கம்பனியில் செய்த வேலைக்குச் சமமான பயிற்சியாக எண்ணிப் புள்ளி போடும் ஒரு தீர்மானம். அதற்குக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு உதவி வேண்டாம். பீடச் சபையில் ஒருவர் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.

பணம் வேண்டும் என்பது மெய். ஊரில் இருந்து செய்கிற பயிற்சிக்கும் பிள்ளைக்குப் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கையில் கொஞ்சமும் கொடுத்தாக வேண்டும், சும்மா வேலை வாங்கும் பழியை நாங்களும் சுமக்கக் கூடாது. வருடந்தோறும் பள்ளிக்கூட வாசல் வளைவுக்கும் விழா மலருக்கும் காசு அனுப்பும் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களிடம் கேட்கிறேன்: ஒரு வருடம் வளைவை நிறுத்தி வையுங்கள். அந்தக் காசில் படுவான்கரைப் பிள்ளைகள் சிலருக்கு ஆறு மாதக் கொடுப்பனவு கொடுங்கள். அவர்கள் செய்த வேலையை வாங்கி வாசியுங்கள், பிழை இருந்தால் எழுதி அனுப்புங்கள்.